508 வந்துவிட்டால் எங்கே மாறுவது? சிறு கடைகளுக்கான ஹோஸ்டிங் ஒப்பீடு

சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, இரவு 7 மணிக்குப் புது ரகங்களின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் 300 பேர் இணைப்பைத் தட்டுகிறார்கள். தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளிலும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸிலும். இருப்பது மாதம் 250 ரூபாய் கணக்கில் வாங்கிய ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பல தளங்கள் பங்குபோடும் ஒரே சர்வரில். முதல் நிமிடம் முடிவதற்குள் திரையில் 508 என்ற எண். வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால் ‘பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார்’ என்பார்கள். பாதி நேரம் அது சரியான பதில். மீதி நேரம் வீண் செலவு, ஏனென்றால் பெரிய பிளானிலும் அதே தளம் அதே மாதிரிதான் படுக்கும்.

எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்குமுன் எது முறிந்தது என்று பார்க்க வேண்டும். திரையில் வரும் எண்ணே பாதி சொல்லிவிடும். 508 என்றால் ஷேர்டு சர்வரில் உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டிவிட்டீர்கள். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, உங்களை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறது. 500 அல்லது 503 வந்து போனால் நினைவக வரம்பு, இல்லையென்றால் ஏதாவது பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) அப்டேட்டில் உடைந்திருக்கும். டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்ற செய்தி சின்ன விபிஎஸ்களில் (உங்களுக்கென்று தனியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர் பங்கு) அடிக்கடி வரும். கிளவுட்ஃப்ளேர் (பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் காவல் சேவை) பின்னால் இருக்கும் தளத்தில் 521 என்றால் சர்வர் இணைப்பையே மறுக்கிறது, 522 என்றால் பதிலே வரவில்லை. பிரவுசர் ‘பாதுகாப்பற்றது’ என்று சிவப்பாகக் கத்தினால் தளத்தின் பாதுகாப்பை உறுதிசெய்யும் எஸ்எஸ்எல் சான்றிதழ் பெரும்பாலும் காலாவதி. லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் வேலை எங்கேயோ நின்றிருக்கும். டொமைன் காலாவதியாகி, புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சல் எல்லாம் நாலு வருஷத்துக்கு முன் தளம் கட்டிக்கொடுத்த டிசைனரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பதும் உண்டு. கடைசி இரண்டுக்கும் ஹோஸ்டிங்கை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

508க்கு வருவோம். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு போடும் கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வர்களில் சிபியு, நினைவகம், வட்டு வேகம், என்ட்ரி பிராசஸ் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை வரம்பில் இடித்தீர்கள் என்று அது காட்டும். என்ட்ரி பிராசஸ் என்பது ஒரே நேரத்தில் உள்ளே நிற்கக்கூடிய பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) கோரிக்கைகளின் எண்ணிக்கை. பல மலிவு பிளான்களில் அது 20.

இப்போது சேலைக் கடைக் கணக்கு. 300 பேர், ஆளுக்கு 4 பக்கம், 300 விநாடி: விநாடிக்கு 4 பக்கம். பழைய தீம்களில் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ‘கூடையில் எத்தனை பொருள்’ என்று கேட்கும் இன்னொரு கோரிக்கை கூடவே கிளம்பும். ஆக 8. வூகாமர்ஸ் பக்கம் ஒன்றைத் தயாரிக்க அரை விநாடி சிபியு நேரம் ஆகிறது என்றால், ஒரு கோர் (சிபியுவின் ஒரு கூறு) மட்டும் தரும் பிளானால் விநாடிக்கு 2தான் முடியும். மீதி 6 வரிசையில் நிற்கும். 20 இடமும் நாலு விநாடிக்குள் நிரம்பிவிடும். அடுத்து வருகிறவருக்கு 508.

பக்கங்களை கேஷில், அதாவது தயார் நகலாக, வைத்தால் பொருள் பக்கங்கள் பிஹெச்பியைத் தொடாமலேயே போய்விடும். ஆனால் கூடையை விசாரிக்கும் அந்த 4 கோரிக்கை கேஷில் அடங்காது. அதனால்தான் ‘கேஷ் பிளகின் போட்டேன், அப்படியும் விழுந்தது’ என்ற புலம்பல். வூகாமர்ஸ் 7.8 முதல், பக்கத்தில் மினி கூடை விட்ஜெட் இருந்தால்தான் இந்தக் கோரிக்கை கிளம்பும். ஆகவே வூகாமர்ஸைப் புதுப்பித்து, தலைப்பட்டியில் உள்ள மினி கூடையை எடுத்துவிட்டு வெறும் இணைப்பாக வையுங்கள். இனி பிஹெச்பிக்கு வருவது கூடையில் பொருள் போட்டவர்கள் மட்டும். கூடையில் பொருள் விழுந்ததும் வூகாமர்ஸ் அவர் பிரவுசரில் ஒரு குக்கி (சிறு அடையாளக் குறிப்பு) வைக்கும். அதைப் பார்த்ததும் பல கேஷ்கள் அந்த ஆளுக்கு ஒதுங்கிக்கொள்ளும். 300 பேரில் 30 பேர் வாங்க, ஆளுக்கு 6 கோரிக்கை என்றால் மொத்தம் 180. விநாடிக்கு ஒன்றுகூட இல்லை. அதே 250 ரூபாய் பிளான் தாங்கும். 100 பேர் கூடையைத் தொட்டால் விநாடிக்கு 2, விளிம்பில் நிற்கிறீர்கள். அதற்கு மேல் போனால் மாறித்தான் ஆக வேண்டும்.

ஹோஸ்டிங் விளம்பரங்கள் மாதத்துக்கு இத்தனை பார்வையாளர் என்று பேசும். கடைக்கு வேண்டிய அளவு வேறு: உச்ச நேரத்தில் ஒரே சமயம் எத்தனை பேர் கூடையோடு நிற்கிறார்கள் என்பது. போன தீபாவளியில் அதிக ஆர்டர் வந்த ஐந்து நிமிடத்தை எடுத்து, அதைப் போல மூன்று மடங்குக்குக் கணக்குப் போடுங்கள்.

இருக்கிற இடத்திலேயே சரிசெய்வது

செலவு கிட்டத்தட்ட இல்லை. அதனால் மற்ற எதையும் யோசிக்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். சர்வர் மென்பொருள் லைட்ஸ்பீடு என்றால் லைட்ஸ்பீடு கேஷ் பிளகின். அப்பாச்சி என்றால் வேறு ஏதாவது பக்க கேஷ், ஒன்றே ஒன்று. இரண்டு கேஷ் பிளகின்களை ஒன்றாக ஓட விட்டால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரியும் விபரீதம்கூட நடக்கலாம். போனில் எடுத்த 5 எம்பி சேலைப் படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவத்தில் போட்டால் ஒவ்வொன்றும் 150 கேபி அளவில் வந்துவிடும். பிஹெச்பி 7.4 இன்னும் ஓடுகிறதா பாருங்கள். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. 8 வரிசைக்கு மாறினால் வேகமும் கூடும்.

ரிசோர்ஸ் வரைபடம் விற்பனையே இல்லாத அதிகாலை 3 மணிக்கு உச்சத்தில் இருந்தால் வருகிறவர்கள் மனிதர்கள் இல்லை. நிறம், விலை, துணி வகை என்று வடிகட்டும் இணைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆயிரக்கணக்கான முகவரிகளை உண்டாக்கும். தேடுபொறிகளின் பாட்களும் (தானாகப் பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) ஏஐ நிறுவனங்களின் பாட்களும் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் புது முகவரி என்பதால் கேஷ் உதவாது. எதைத் திறக்கலாம் என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்த வடிகட்டி முகவரிகளைத் தடுத்து, சொன்ன பேச்சு கேட்காதவற்றை கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் விதி போட்டு நிறுத்தலாம். வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸுக்குள் வர உதவும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பையும் மூடிவிடுங்கள். சிறு கடைக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, கடவுச்சொல் தாக்குதலுக்குத்தான் உதவும்.

கிளவுட்ஃப்ளேர் போடும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். எஸ்எஸ்எல் முறையை ‘ஃப்ளெக்சிபிள்’ என்று விட்டால் தளம் தன்னைத் தானே திருப்பி அனுப்பிக்கொண்டு சுற்றும். ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ என்று வைக்க வேண்டும். மெயில் சர்வரின் பதிவில் ஆரஞ்சு மேகம் (கிளவுட்ஃப்ளேர் வழியே போகிறது என்ற குறி) எரிந்தால் அவுட்லுக் இணையாது. அதைச் சாம்பலாக்க வேண்டும். இன்னொன்று, முன்னால் நிற்கிற காவல்காரனும் விழுவான்: 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரே சில மணி நேரம் தடுமாறியபோது, அதன் பின்னால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைகளும் சேர்ந்து மூடின.

பெரிய ஷேர்டு பிளான்

‘பிசினஸ்’, ‘கிளவுட்’ என்று பெயர் எதுவானாலும் உள்ளே அதே ஏற்பாடுதான். கோர் 2, என்ட்ரி பிராசஸ் 40 அல்லது 60, நினைவகம் 2 அல்லது 3 ஜிபி என்று வரம்பு மட்டும் உயரும். தளத்தை நகர்த்த வேண்டிய வேலை பெரும்பாலும் இல்லை, மின்னஞ்சல் அப்படியே இருக்கும். சுமாரான கடைக்கு இது நல்ல படி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோர் எத்தனை, என்ட்ரி பிராசஸ் எத்தனை, ஐநோடு எத்தனை என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். ‘அன்லிமிடெட்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வட்டு இடம் வரம்பில்லை என்றாலும் ஐநோடு, அதாவது கோப்புகளின் எண்ணிக்கை, இரண்டரை லட்சத்தில் நின்றுவிடலாம். ஒவ்வொரு சேலைப் படத்துக்கும் வேர்ட்பிரஸ் பல அளவுகளில் நகல் எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விலையில் கண்ணி இருக்கும் இடமும் இதுதான். மாதம் 150 என்று காட்டுவது மூன்று நாலு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான், அதுவும் முதல் தவணைக்கு மட்டும். புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகிவிடும். புதுப்பிக்கும் விலையையும் 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ‘99.9% அப்டைம்’ உத்தரவாதத்திலும் மயங்க வேண்டியதில்லை. அது மாதம் 43 நிமிடம் விழலாம் என்ற அனுமதி. அதையும் மீறினால் தருவது பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பங்குதான். 508இல் நீங்கள் நின்ற நேரமெல்லாம் அந்தக் கணக்கிலேயே வராது.

விபிஎஸ்: மலிவுதான், ஆனால் யார் பார்ப்பது?

டிஜிட்டல் ஓஷனின் பெங்களூரு மையத்தில் 2 ஜிபி நினைவகமுள்ள சாதாரண விபிஎஸ் மாதம் 12 டாலர். ஜிஎஸ்டியோடு 1,250 ரூபாய்க்கு மேல் வரும். வாராந்திர பேக்கப்புக்கு இன்னும் 20%. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் உண்டு. வாங்குபவர்கள் தமிழ்நாட்டில் இருக்கும்போது சர்வரை அமெரிக்காவில் வைப்பதில் அர்த்தமில்லை. தகவல் ஒவ்வொரு முறை போய்வரவும் 200 மில்லிவிநாடிக்கு மேல் கடலிலேயே போய்விடும். பணம் கட்டும் பக்கத்தில் அது நன்றாகத் தெரியும்.

இங்கே 508 வராது. அதற்குப் பதில் மொத்த சர்வரும் விழும். எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 2 ஜிபியில் இயங்குதளம் 300 எம்பி, டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் 500 எம்பி எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 1,200 எம்பி அளவு. வூகாமர்ஸ் ஓடும் பிஹெச்பி ஒர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை முடிக்கும் பிராசஸ்) ஒவ்வொன்றும் 80 முதல் 100 எம்பி தின்னும். எனவே ஒர்க்கர் எண்ணிக்கை 12ஐத் தாண்டக் கூடாது. பிஹெச்பி அமைப்பில் அந்த உச்ச வரம்பை யாரோ இணையத்தில் பார்த்து 50 என்று போட்டிருந்தால், கூட்டம் வந்ததும் 4 ஜிபிக்கு மேல் கேட்கும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதிகம் தின்னும் பிராசஸாகப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் மாட்டுவது மைஎஸ்கியூஎல். தளத்தில் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்ற வரி. ரீஸ்டார்ட் செய்தால் எழும், பத்து நிமிடத்தில் மறுபடி சாகும். ஒர்க்கரை 12க்கு இறக்கி, 2 ஜிபி ஸ்வாப் கோப்பும் (வட்டில் ஒதுக்கும் அவசர நினைவகம்) வைத்தால் கூட்டத்தில் தளம் மெதுவாகும், சாகாது. பிஹெச்பியின் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) ‘உச்ச எண்ணிக்கையை எட்டிவிட்டது’ என்ற வரி தினமும் வரத் தொடங்கினால்தான் 4 ஜிபிக்குப் போக வேண்டும்.

இந்த வேலையெல்லாம் உங்கள் தலையில். பாதுகாப்பு அப்டேட், ஃபயர்வால், லாகு வட்டை நிரப்பாமல் சுழற்றுவது, சான்றிதழ் புதுப்பிப்பு, பேக்கப்பை மாதம் ஒருமுறை எங்காவது விரித்துப் பார்ப்பது. சிபேனல் பழக்கம் விடாதவர்கள் கவனிக்கவும்: அதன் உரிமக் கட்டணமே விபிஎஸ் வாடகையைத் தாண்டிவிடும். ஹெஸ்டியா, கிளவுட்பேனல் போன்ற இலவச பேனல்கள் போதும்.

பணம் கட்டுவதிலும் ஒரு பள்ளம். 2021 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி பதிவு செய்யாத தானியங்கிப் பற்றுகளை வங்கிகள் மறுத்துவிடும். வெளிநாட்டு நிறுவனத்தில் கார்டைக் கொடுத்துவிட்டு மறந்தால், மாதப் பணம் மறுக்கப்பட்டு, நினைவூட்டல் மெயில்களும் கவனிக்கப்படாமல், ஒருநாள் சர்வரை அணைத்துவிடுவார்கள். முன்பணம் போட்டு வைக்கும் வசதி இருந்தால் ஆறு மாதத்துக்குப் போட்டுவிடுவது நல்லது.

எங்கள் கருத்து: ராத்திரி 2 மணிக்குப் போன் செய்தால் எடுக்கக்கூடிய, லினக்ஸ் தெரிந்த ஒருவர் கைவசம் இல்லாத கடை, தானே பராமரிக்கும் விபிஎஸ்ஸை வாங்கவே கூடாது. மருமகன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்பது இந்தக் கணக்கில் சேராது.

மேனேஜ்டு வேர்ட்பிரஸ்

அந்த ஆளையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பது இது. மாதம் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஒதுக்கக்கூடிய, ஆனால் ஆள் இல்லாத கடைக்கு இதைத்தான் சொல்வோம். வேகமான சிபியுவில் அந்த அரை விநாடிப் பக்கம் கால் விநாடிக்கு இறங்குவது உண்டு. சர்வர் அளவிலேயே கேஷ், தினசரி பேக்கப், சோதனைக்குத் தனி நகல் எல்லாம் கூட வரும். நகர்த்தும் வேலையைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே செய்து கொடுக்கும்.

வாங்குமுன் ஒர்க்கர் எத்தனை என்று கேளுங்கள். கீழ்மட்ட பிளான்களில் 2 முதல் 4தான் இருக்கும். கால் விநாடிக் கணக்கில் 4 ஒர்க்கர் என்றால் விநாடிக்கு 16. சேலைக் கடைக்குத் தாராளம். 2 என்றால் 8. மாதப் பார்வை வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணமா, தளத்தை நிறுத்துவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ‘மேனேஜ்டு’ என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல் விழுந்தால் நீங்கள் எழுப்புவீர்களா, பேக்கப்பிலிருந்து மீட்டுத் தரக் காசு உண்டா, இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கும் பதிலில் உண்மை தெரியும்.

ஷாப்பிஃபை போன்ற தளங்கள்

சர்வர் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு. தீபாவளிக் கூட்டம் அவர்களுக்குத் தூசு. ஆனால் ஷாப்பிஃபையின் சொந்தப் பணப்பரிமாற்ற சேவை இந்தியாவில் இல்லாததால், வேறு கேட்வே (பணம் வாங்கித் தரும் சேவை) வழியாக வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் அடிப்படைத் திட்டத்தில் 2% அவர்களுக்கு. கேட்வே எடுக்கும் கட்டணம் தனி. மாதம் 50,000 விற்றால் 1,000 ரூபாய், பரவாயில்லை. 5 லட்சம் விற்றால் 10,000. அந்தப் பணத்துக்கு நல்ல மேனேஜ்டு ஹோஸ்டிங்கோடு பகுதிநேர ஆளையும் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும்போது மலிவு, வளர்ந்தபின் கையைக் கடிக்கும். பழைய பொருள் முகவரிகள் மாறுவதால் கூகுள் தேடலில் பெற்ற இடம் போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் திருப்பிவிடும் முகவரி எழுத வேண்டும்.

மாறும் வாரத்தில்

தளத்தை விட மின்னஞ்சல்தான் அதிகம் தொலையும். சிபேனலில் ஆர்டர் முகவரி, கணக்கு முகவரி என்று நாலு பெட்டி இருக்கும். புது விபிஎஸ்ஸிலோ மேனேஜ்டு ஹோஸ்டிங்கிலோ மெயில் வசதியே இருக்காது. முதலில் மெயிலை சோஹோ, கூகுள் போன்ற தனிச் சேவைக்கு மாற்றி, ஒரு வாரம் ஓடவிட்டு, பிறகு தளத்தைத் தொடுங்கள். டிஜிட்டல் ஓஷனில் 25, 465, 587 ஆகிய மெயில் போர்ட்டுகள் அடைத்தே இருக்கும். ஆர்டர் உறுதி மெயில்களைத் தனி அனுப்புச் சேவையின் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வசதி) வழியாக அனுப்பி, அந்த மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் போட வேண்டும்.

டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள் எல்லாவற்றையும், மெயிலுக்கான எம்எக்ஸ், டெக்ஸ்ட் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சர்வரை மாற்றிய மறுநாள் மெயில் நின்றதென்றால், இந்தத் தாள் இல்லை என்று பொருள். டிடிஎல், அதாவது ஒரு பதிவை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பது, பெரும்பாலும் 14,400 என்று இருக்கும். மாறுவதற்கு ஒரு நாள் முன்பே 300 ஆக்குங்கள். அதாவது நாலு மணி நேரம் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் புதியதைக் கேட்பார்கள். புது சர்வரில் தளத்தை ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது ஐபியைப் போட்டு, உண்மையான ஒரு ரூபாய் ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

மாற்றும் நேரம் இரவு 2 முதல் 4 வரை. பழைய தளத்தைப் பராமரிப்பு நிலையில் மூடிவிட்டு, டேட்டாபேஸைக் கடைசியாக ஒருமுறை நகலெடுத்து, அதன்பின் டிஎன்எஸ்ஸைத் திருப்ப வேண்டும். மூடாமல் விட்டால் சில ஆர்டர் பழைய டேட்டாபேஸிலும் சில புதியதிலும் விழும். ஒரே ஆர்டர் எண் இரண்டு வாடிக்கையாளருக்குப் போன பிறகு அதைப் பிரித்தெடுப்பது நரகம். கேட்வேயின் வெப்ஹுக் (பணம் வந்ததைச் சொல்லும் தானியங்கித் தகவல்) புது சர்வருக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வாடிக்கையாளர் பணம் போயிருக்கும், உங்கள் பக்கம் ‘பணம் நிலுவை’ என்றே நிற்கும். கூரியர், எஸ்எம்எஸ் நிறுவனங்கள் உங்கள் பழைய ஐபியை மட்டும் அனுமதித்திருந்தால் புதியதைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வேர்ட்பிரஸ் க்ரானை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளை) சர்வர் க்ரானாக மாற்றியிருந்தால் அதையும் புதிதாக எழுத வேண்டும். இது மறந்துபோவதே வழக்கம்.

பேக்கப் வேறு நிறுவனத்தின் இடத்தில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரத்துக்குள் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகான வாரம் தோதானது. பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் அப்படியே விட்டு வையுங்கள். மூடுமுன் அதன் மெயில் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள், பழைய எம்எக்ஸைப் பிடித்துக்கொண்டு யாராவது இன்னும் அங்கேயே ஆர்டர் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.